வாளிக் கோபுரம்

பேரரசுகள் எழுவதும் விழுவதும் படைகளின் வீரத்தாலும் தலைவர்களின் மதியாலும் என்பது கற்றோர் கூற்று. ஆசியக் கண்டத்தின் தலைவிதி ஒரு காலத்தில் கெடா மாநிலத்துக் குருண் பட்டணத்திலும் தீர்மானிக்கப்பட்டது. அங்கே அதைத் தீர்மானித்தது கெம்போங் மீன் பொரித்த புகை.

குழந்தைவேலுவின் சாப்பாட்டுக் கடை பெரிய ரோட்டு ஓரத்தில் இருந்தது. கீழே கடை, பின்னால் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட அடுப்படி, மேலே பலகை மாடி. சண்டைக்கு முன்னால் அந்த மாடியில் ஒரு சீனத் துணி வியாபாரி மூட்டை அடுக்கி வைத்திருந்தான். ஜப்பான்காரன் வந்ததும் மூட்டைகள் போய், ஒரு மேசையும் வாளும் அதிகாரியும் வந்து சேர்ந்தார்கள். ஜெராய் மலைக் காற்று நேராக உள்ளே வருகிறது என்பதால் அந்த மாடியை அவர் பிடித்துக்கொண்டார். மலைக் காற்று முதலில் அடுப்படிக்குள் நுழைந்துவிட்டுத்தான் மாடிக்கு ஏறுகிறது என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஜப்பான் அதிகாரியிடம் தானாகப் போய் ஒன்றைச் சொல்லும் வழக்கம் குருணில் இல்லை.

தெருவில் அவருக்கு மாடித் துவான் என்று பெயர். அவர் ஆட்களுக்கெல்லாம் காலையும் மாலையும் குழந்தைவேலு சமைத்துப் போடவேண்டும் என்பது உத்தரவு. முன்பெல்லாம் அந்த அடுப்பில் சாம்பாரும் காப்பியும் கொதிக்கும், பஸ் டிரைவர்கள் வந்து இட்லி தின்பார்கள், புகை என்று ஒன்று இருப்பதே தெரியாது. இப்போது ஆள் உட்காரும் அளவுக்கு அகன்ற குவாலிச் சட்டியில் சிவப்புப் பாமாயிலைக் காய்ச்சிக் கூடை கூடையாக மீன் பொரிக்கவேண்டியிருந்தது. அது விறகுப் புகை அல்ல. கனத்த, நீல நிறமான, கையால் பிடித்துப் பிழிந்தால் எண்ணெய் சொட்டும் புகை. பலகை இடுக்கு வழியாக மாடிக்கு ஏறி, மாடித் துவானின் சட்டையில், வாள் உறையில், கடைசியாக அவர் சுவரில் ஒட்டியிருந்த ஆசியப் படத்தில் போய் உட்கார்ந்தது. முதலில் பர்மா பழுப்பாயிற்று. பிறகு சயாம் பிசுபிசுத்தது. ஆஸ்திரேலியாவின் மேல் ஓடிய பல்லி ஒன்று கால் வழுக்கி மேசையில் விழுந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை குழந்தைவேலு மாடிக்கு அழைக்கப்பட்டார். முதலில் ஓர் அறை விழுந்தது. அறைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அதன்பிறகு நடந்த பேச்சுக்குத் தேவைப்பட்டது. அதற்குப் பரஞ்சோதி இருந்தார். அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகமுடியாது. அவரும் விடமாட்டார்.

பரஞ்சோதி பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். வெள்ளைக்காரத் துரை, நாயையும் மனைவியையும் காரில் ஏற்றிக்கொண்டு தெற்கே ஓடியபோது, தோட்டத்தின் சாவிக்கொத்தைத் தம்மிடம்தான் ஒப்படைத்தார் என்று சொல்லுவார். துரை அதைக் கீழே போட்டுவிட்டு ஓடியதாகவும் ஒரு பேச்சு உண்டு. டவுனில் அவருக்குச் சொந்த வீடு. டவுன் போர்டு எல்லா வீட்டுக்கும் தகரத்தில் எண் அடித்துக் கொடுத்தது. இவர் மட்டும் தம் எண்ணைப் பித்தளையில் வார்த்து வாசலில் பதித்து, வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் துலக்குவார். பதினேழு என்ற அந்த எண் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் மின்னும். ஜப்பான்காரன் வந்ததும் டவுன் போர்டு படுத்துப்போனது. தெரு விளக்கு நின்றது, குழாய்த் தண்ணீர் நின்றது, விடிகாலையில் பின்சந்து வழியாக வரும் கக்கூஸ் வண்டியும் நின்றது. எல்லோரும் கொல்லையில் குழி வெட்டிக்கொண்டார்கள். பரஞ்சோதி மட்டும் தாம் வெட்டவில்லை என்றும், வெட்டியதை மேற்பார்வை பார்த்ததாகவும் சொன்னார். இப்போது ஜப்பான் மொழியான நிப்போங்கோவைப் படித்து மொழிபெயர்ப்பாளர் ஆகியிருந்தார். எவ்வளவு படித்தார் என்பது அவருக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும்.

மாடித் துவான் நெடுநேரம் கத்தினார். பரஞ்சோதி கைகட்டிக் கேட்டுக்கொண்டு, குழந்தைவேலு பக்கம் திரும்பினார்.

"வெள்ளிக்கெழம அலோர் ஸ்டார்லேர்ந்து பெரிய துவான் வர்றாரு. அவரு வர்ற நேரம் மாடியிலே பொகை இருக்கக் கூடாது. இருந்தா கடைக்குப் பூட்டு. ஒனக்கு சயாம்."

"அவரு இம்புட்டு நேரம் பேசுனாரே. அவ்வளவுதான் சொன்னாரா?"

"மிச்சமெல்லாம் கெட்ட வார்த்தை. அது ஒனக்கு எதுக்கு?"

"மீன் பொரிக்காம அவிச்சுக் குடுத்தா ஆவாதா கிராணியாரே?"

பரஞ்சோதி இதைத் துவானிடம் எப்படிச் சொன்னாரோ தெரியாது. இன்னோர் அறை விழுந்தது.

சயாம் என்றால் ஜப்பான்காரன் அங்கே போட்டுக்கொண்டிருந்த ரயில் பாதை. லாரி வரும், தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று ஏற்றும், வடக்கே போகும். கரங்கான் பக்கத்தில் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த ஒரு லயத்தையே காலி செய்து கொண்டுபோனார்கள். போனவர்களில் குருணுக்குத் திரும்பி வந்தவன் வீரசாமி ஒருவன்தான். யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லமாட்டான். கடை வாசலில் வந்து உட்கார்ந்து உப்புக்கல் கேட்பான். குழந்தைவேலு அன்று படியிறங்கி வந்தபோது அவன்தான் எதிரே உட்கார்ந்திருந்தான். குழந்தைவேலு உள்ளே போய் ஒரு பிடி உப்பை அள்ளிவந்து கொடுத்துவிட்டு, அடுப்படியில் போய் முகத்தை மூடிக்கொண்டார்.

அவர் மனைவி பிச்சையம்மாள் மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தட்டில் போட்டு வைத்தாள். பக்கத்தில் மீன் மணக்கும், அரிசிச் சோறு கொதிக்கும். அதெல்லாம் மாடிக்கு. சமைத்தவர்களுக்குக் கிழங்கு.

"தின்னுங்க. பட்டினி கெடந்தா பொகை போயிருமா?"

"எறங்கலே புள்ளே."

"நெஞ்சு அடைச்சாத் தண்ணி குடிங்க. அய்யாவுக்குச் சொல்லி அனுப்பிட்டேன்."

"ஒன் தம்பியா? அவன் வாயாலேயே வண்டி ஓட்டுறவன்லா."

"புகைவீட்டுலே நெருப்புப் போடுறவன். பொகையைப் பத்தி அவனுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? ஒங்க கிராணியாருக்கா?"

ரப்பர்த் தோட்டங்களில் பாலை உறைய வைத்து, தாளாக அழுத்தி, கட்டைப் புகையில் தொங்கவிட்டு உலர்த்தும் கட்டடத்துக்குப் புகைவீடு என்று பெயர். அய்யாவு அங்கே நெருப்புக்காரன். மறுநாள் கயிறு சுற்றிய சக்கரத்தோடு ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். டயர் காணாமல்போன காலம் அது. ரப்பர்க் காட்டுக்கு நடுவில் வாழ்ந்தவர்கள் சைக்கிளுக்குக் கயிறு சுற்றி ஓட்டினார்கள். இதைத்தான் ஆசியாவின் பொது வளம் என்று ஜப்பான்காரர்கள் மேடைகளில் சொன்னார்கள்.

அய்யாவு அடுப்படியை ஒரு சுற்றுச் சுற்றினான். குவாலியைத் தட்டிப் பார்த்தான். காற்றை மோந்தான்.

"இதான் விசயமா? நான் என்னமோ வீடு பத்திக்கிச்சுன்னு நெனச்சேன். மாமா, எங்க புகைவீட்டுலே கெளம்புற பொகைக்கு இது பச்சப் புள்ள. அடுப்புக்கு மேலே ஒரு குடை. குடையிலேர்ந்து ஒரு கொழா. கொழா மாடிக் கூரையைத் தாண்டி நிக்கணும். அவ்வளவுதான்."

"கொழாய்க்கு எங்க மாப்ளே போறது?"

"அது..." அய்யாவு முதல் முறையாகப் பேச்சை நிறுத்தினான்.

தகரம் என்ற பொருளே குருணில் இல்லை. மண்ணெண்ணெய்ப் பீப்பாயும் கிடையாது. இருந்ததெல்லாம் சோற்றுப் பானையாகவும் ஒட்டுக் கூரையாகவும் மாறிவிட்டது. சீனன் பட்டறையில் ஆணிகூட இல்லை. தோட்டத்து ஸ்டோரில் இருந்த பால் வாளிகளை ஜப்பான்காரன் லாரி வைத்து அள்ளிப்போய்விட்டான். அய்யாவு கடைப் படியில் உட்கார்ந்து பீடிக்குப் பதிலாகக் காய்ந்த பப்பாளி இலையைச் சுருட்டிப் பிடித்தான். வீரசாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து உப்பை நக்கினான். இருவரும் ஏதோ பேசினார்கள். வீரசாமி வாயைத் திறந்து பேசினான் என்பதையே பிச்சையம்மாளால் நம்பமுடியவில்லை. சயாமுக்குப் போகும்முன் அவன் டவுன் போர்டில் வேலை பார்த்தவன்.

இரண்டு பேரும் எழுந்து போனார்கள். அன்று பொழுதோடு வரவில்லை. மறுநாள் மதியம் மாட்டுவண்டி ஒன்று கடைக்குப் பின்னால் வந்து நின்றது. வண்டி நிறைய வாளி. துத்தநாகம் பூசிய, கனமான, வாய் அகன்று அடி குறுகிய வாளிகள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் கறுப்புச் சாயத்தில் ஓர் எண். எல்லாம் பளபளவென்று துலக்கியிருந்தது. ஈரம் இன்னும் காயவில்லை.

பிச்சையம்மாள் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். சாம்பலும் சுண்ணாம்பும் எலுமிச்சையும் மணத்தன.

"ஏன்டா, இம்புட்டுத் தேய்ச்சிருக்கே?"

"சுத்தமா இருக்கட்டும்னுதான்க்கா. ஆத்துலே ராத்திரி முச்சூடும் ஊறப் போட்டோம்."

"எந்தத் தோட்டத்து வாளி?"

"எல்லா வீட்டுக்கும் போய் வந்த வாளி."

"வெளையாடாதே. கேட்டா ஜப்பான்காரன் என்ன சொல்லுவான்?"

"இதை அவன் கேக்க மாட்டான்க்கா. இந்த ஊருலே அவன் எடுக்காம விட்டது இது ஒண்ணுதான்."

வேலை ஆரம்பித்தது. வாளியின் அடியை உளியால் சுற்றி வெட்டி எடுக்கவேண்டும். வெட்டிய வாளி ஒரு முழக் குழாய். ஒன்றின் வாய் ஓரத்தை உள்பக்கமாகத் தட்டிச் சுருக்கி, இன்னொன்றின் குறுகிய பக்கத்தை அதற்குள் இறக்கினால், பிடித்துக்கொண்டு அசையாது. பத்த வைக்க ஈயம் வேண்டாம், ஆணி வேண்டாம். அய்யாவு தட்ட, குழந்தைவேலு பிடித்துக்கொண்டார். டிங் டிங் என்ற சத்தம் பசார்வரை கேட்டது. வாளிகளோடு வண்டியில் வந்த தார்ப் பீப்பாய் ஒன்றை நெருப்பில் காட்டிப் பிரித்து, மிதித்து நிமிர்த்தி, அடுப்புக்கு மேலே குடையாகக் கட்டினார்கள். உளி வழுக்கிக் குழந்தைவேலுவின் உள்ளங்கை கிழிந்தது. பிச்சையம்மாள் காப்பித் தூள் இல்லாத காரணத்தால் கரித்தூளை வைத்து அழுத்திக் கட்டினாள்.

பரஞ்சோதி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து பார்த்தார். வாளிகளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அடே, நம்ம பால் வாளி! பால் வெட்டுற ஆளுங்க நம்பர் போட்டிருக்கு பாரு. தோட்டத்துலே இதுக்கெல்லாம் நம்பர் போட்டது யாரு? நான்."

அய்யாவு தலையைக் குனிந்துகொண்டு தட்டினான். "அப்படியா கிராணியாரே?"

"அப்படியாவா? இந்த ரெண்டு போட்டிருக்கிற சுழியைப் பாரு. என் கை."

"ஒங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு நானும் நெனச்சேன்" என்றான் அய்யாவு.

வாளிகளை எப்படிக் கோப்பது என்பதில் அய்யாவுக்குச் சந்தேகமே வரவில்லை. புகைவீட்டில் கற்ற பாடம்: புகை மேலே போகும் பொருள், அதன் முகத்தில் எதுவும் இடிக்கக் கூடாது, ஆகவே கீழ்க் குழாய் மேல் குழாய்க்குள் நுழையவேண்டும். எல்லா வாளியையும் கவிழ்த்து, வாய் கீழேயும் அடி மேலேயுமாக, ஒன்றன்மேல் ஒன்றாகக் குடையின் நடுவிலிருந்து ஏற்றினான். அத்தாப்பைப் பிரித்துக்கொண்டு, மாடிச் சுவரை ஒட்டி, மூங்கில் தாங்கலில் அது உயர்ந்து நின்றது. தெருவே வந்து அண்ணாந்து பார்த்தது.

"கோயில் கோபுரம் மாதிரி இருக்குலா" என்றாள் பூ விற்கும் செல்லாயி.

வியாழக்கிழமை காலை நெருப்புப் போட்டார்கள். குவாலியில் எண்ணெய் காய்ந்தது, மீன் விழுந்தது, நீலப் புகை சுருண்டு எழுந்து குடைக்குள் போய், காணாமல் போனது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். உச்சியிலிருந்து புகை வடக்குப் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. அடுப்படியில் ஆண்டுக்கணக்கில் பார்க்காத எதிர்ச்சுவர் தெரிந்தது. அதில் ஒரு காலண்டர் தொங்குவதைக் குழந்தைவேலு அன்றுதான் மறுபடி கண்டார். அதில் இன்னும் வெள்ளைக்கார ராஜா சிரித்துக்கொண்டிருந்தார். பிச்சையம்மாள் அவசரமாக அதைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

"பாத்தீங்களா? அய்யாவுன்னா யாரு?" என்றான் அய்யாவு.

"மாப்ளே!" குழந்தைவேலு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பரஞ்சோதி தொண்டையைக் கனைத்தார். "நேத்து நான் பாத்துச் சொல்லாட்டி..."

அவர் தலையில் சொட்டென்று ஒன்று விழுந்தது. தடவிப் பார்த்தார். எண்ணெய்.

புகைவீட்டுப் புகை உலர்ந்த புகை. அது வரும் வழியில் ஒன்றையும் விட்டுவிட்டுப் போகாது. மீன் புகை அப்படி அல்ல. குளிர்ந்த தகரத்தில் பட்டதும் எண்ணெயாக வேர்த்து, உள்சுவர் வழியாகக் கீழே இறங்கியது. இறங்கி ஒவ்வொரு மூட்டுக்கும் வந்ததும், உள்ளே போக வழியில்லாமல், கவிழ்ந்த வாளியின் வாய் ஓரம் வழியாக வெளியே வழிந்தது. மூட்டுக்கு மூட்டு சொட்டியது. அடுப்பில் சொட்டி நெருப்பு குபீரென்று எழுந்தது. மாடி ஜன்னலை ஒட்டிய மூட்டிலிருந்து, கொடியில் காய்ந்த மாடித் துவானின் வெள்ளைச் சட்டைகள்மேல், மறுநாள் பெரிய துவானை வரவேற்க வெளுத்துக் கஞ்சி போட்ட சட்டைகள்மேல், வரிசையாக, பொறுமையாக, சிவப்பாகச் சொட்டியது.

"பகேரோ!" என்ற சத்தம் மாடியிலிருந்து வந்தது. அந்தச் சொல்லுக்கு முட்டாள் என்று பொருள் தெரியாதவர் அப்போது கெடாவில் யாரும் இல்லை.

அய்யாவுக்கு விழுந்த அறையில் காது அடைத்தது. குழந்தைவேலு வெயிலில் மண்டியிட்டார், தலைக்கு மேலே ஒரு விறகுக்கட்டையைத் தூக்கிப் பிடித்தபடி. மாடித் துவான் வடக்கே கையைக் காட்டி ஏதோ சொன்னார். பரஞ்சோதி இம்முறை மொழிபெயர்க்கவில்லை. தேவையில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. பிச்சையம்மாள் புருஷன் பக்கத்தில் போய் நின்றாள். அவர் நிழலில்லாமல் இருப்பதைப் பார்த்து, தன் நிழல் அவர்மேல் விழும்படி நகர்ந்து நின்றுகொண்டாள். சிப்பாய் ஒருவன் அதைப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டான்.

வெயில் தாழ்ந்ததும் கட்டையைக் கீழே போடச் சொன்னார்கள். குழந்தைவேலுவால் கையை மடக்க முடியவில்லை.

"நான் போறேன் புள்ளே. கடையை நீ பாத்துக்க."

"எங்க போறீங்க? நாளைக்குத்தானே வெள்ளிக்கெழம. எலே அய்யாவு! ஒக்காந்து அழுவாதே. கழட்டு எல்லாத்தையும்."

"கழட்டி?"

"முதல்லே கழுவுவோம். எண்ணெயோட அதைத் தூக்க முடியாது."

வாளிகளைக் கழற்றிக் கொல்லையில் போட்டார்கள். ஜெராய் மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. பிச்சையம்மாள் இடத்தை அடைக்காதிருக்க, எந்தப் பெண்ணும் வாளி அடுக்குகிற மாதிரி, வாய் மேலே பார்க்க ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். சாம்பல் கரைத்த வெந்நீரை மேல் வாளியில் ஊற்றினாள். அவளுக்கு அதில் யோசனை எதுவும் கிடையாது. கோபம்தான் இருந்தது. இன்னொரு குடம் ஊற்றினாள். தண்ணீர் உள்ளுக்குள்ளேயே ஒவ்வொன்றாக இறங்கி அடியில் கொட்டியது. வெளிப்பக்கம் ஒரு சொட்டு இல்லை.

அய்யாவு கன்னத்திலிருந்து கையை எடுத்தான்.

"அக்கா. இன்னொரு கொடம் ஊத்து."

ஊற்றினாள். இருவரும் வாளிகளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"தலைகீழா மாட்டியிருக்கே நீ."

"பொகைக்கு அதுதான்க்கா சரி."

"பொகைக்குச் சரி, எண்ணெய்க்கு? எண்ணெய் மேலேயா போவும்? ஒன்னைப் பெத்த நேரத்துலே ஆத்தா ஒரு வாளியைப் பெத்திருக்கலாம்."

"நானும் அதான் சொல்ல வந்தேன். நீ முந்திக்கிட்டே."

"அப்போ கீழே வந்து சேர்ற எண்ணெய்? மறுபடி அடுப்புலே விழுந்தா?"

அடி வெட்டாத வாளி ஒன்று மிச்சம் இருந்தது. அதை அடுப்புக்குப் பக்கத்தில் செங்கல் மேடை கட்டி அதன்மேல் நிறுத்தினார்கள். அதன் வாய்க்குள் முதல் குழாய் வாளி. அந்தக் குழாயின் விலாவில் துளை போட்டு, குடையின் கழுத்தைச் சாய்வாகக் கொண்டுவந்து சொருகினார்கள். எண்ணெய் இறங்கினால் அடி வாளியில்தான் விழவேண்டும். அடி வாளியில் ஒரு சிறு ஓட்டை, அதற்கு மூங்கில் தக்கை. மழை வந்தது. நனைந்துகொண்டே ஏற்றினார்கள். குழந்தைவேலு மடங்காத கைகளால் தாங்கலைக் கட்டிப்பிடித்து நின்றார். செல்லாயி பந்தல் கட்டும் கயிறெல்லாம் கொண்டுவந்து போட்டாள். வீரசாமி யாரும் கூப்பிடாமல் வந்து, மூங்கிலில் ஏறி, உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"வாய் மேலே இருந்தா மழை உள்ளே வருமே" என்றார் கீழே மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்ற பரஞ்சோதி.

அதுவரை அவர் சொன்னதில் அது ஒன்றுதான் சரி. பிச்சையம்மாள் விரிசல் விட்ட பழைய குவாலி ஒன்றை எடுத்து நீட்டினாள். வீரசாமி அதைக் கவிழ்த்து மூன்று கம்பிக்கால்மேல் கட்டினான். கோபுரத்துக்குத் தொப்பி ஆயிற்று.

வெள்ளிக்கிழமை பெரிய துவான் வந்தார். கார், முன்னும் பின்னும் லாரி. பின்னால் வந்த லாரி காலியாக இருந்தது. அதைப் பார்த்து கடை முகப்பு அஞ்சடி நடைபாதையில் நின்ற ஆண்கள் ஒவ்வொருவராகக் கடைக்குள் மறைந்தார்கள். பிச்சையம்மாள் நெருப்பைத் தள்ளினாள். குழந்தைவேலு மீனை இறக்கினார். எண்ணெய் கையில் தெறித்தது, அவர் கவனிக்கவில்லை. கண் முழுக்க மூட்டுகளில் இருந்தது.

சொட்டவில்லை.

புகை குடைக்குள் போயிற்று. வாளி வாளியாக ஏறிற்று. மூட்டு உலர்ந்தே இருந்தது. அடி வாளிக்குள் மட்டும் எங்கோ தொலைவில் மழை பெய்வதுபோல் மெல்லிய சத்தம். மேலே மாடியில் பெரிய துவான் மூக்கை இழுத்துப் பார்ப்பது பலகை வழியாகக் கேட்டது. பிறகு படியில் பூட்ஸ் சத்தம். எல்லோரும் அடுப்படிக்கே வந்துவிட்டார்கள்.

பெரிய துவான் வாளிக் கோபுரத்தை அடியிலிருந்து உச்சிவரை பார்த்தார். எண்களைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டார். பரஞ்சோதி முன்னே வந்தார். அவர் சொன்னது முழுவதும் அவருடைய சொந்தச் சரக்கு என்பது பின்னால் தெரிந்தது. அந்த நேரத்தில் தமிழிலும் ஒருமுறை சொன்னார், தெரு கேட்கட்டும் என்று.

"இந்த ஒவ்வொரு நம்பரும் ஒரு பாட்டாளி. தோட்டத்துலே ரத்தத்தைப் பாலாச் சிந்துனவன். தான் வெச்சிருந்த ஒரே வாளியை ஆசியாவுக்காக மனமுவந்து குடுத்திட்டான்!"

பெரிய துவானின் முகம் இளகிற்று. குதிகால்களைச் சேர்த்து நிமிர்ந்து நின்று, வாளிகளுக்குக் குனிந்து வணக்கம் செலுத்தினார். மாடித் துவானும் குனிந்தார். சிப்பாய்கள் குனிந்தார்கள். தெருவும் குனிந்தது. அய்யாவு எல்லோரையும்விட அதிகமாகக் குனிந்தான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று செல்லாயி நினைத்தாள்.

பிச்சையம்மாள் மூங்கில் தக்கையைப் பிடுங்கினாள். சிவந்த எண்ணெய் நூலாக இறங்கிச் சட்டியில் விழுந்தது. பெரிய துவான் ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, "யோஷி!" என்றார், சபாஷ் என்ற பொருளில். ஒரு சொட்டுக்கூட வீணாகவில்லை என்பது அவர் மனத்துக்குப் பிடித்துவிட்டது. இந்த அடுப்படி தொடர்ந்து நடக்கவேண்டும், இந்தச் சமையல்காரன் இங்கேயே இருக்கவேண்டும் என்று உத்தரவாயிற்று. பரஞ்சோதி இதை மட்டும் பிழையில்லாமல் மொழிபெயர்த்தார்.

குழந்தைவேலு மீன் கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"எழுந்திரிங்க. மீன் தீயுது" என்றாள் பிச்சையம்மாள். குனிந்து அடுப்பை ஊதினாள். ஊதவேண்டிய அவசியம் இல்லை. அது அன்று நன்றாகவே எரிந்தது.

லாரி அன்று வடக்கே போகாமல் இல்லை. குழந்தைவேலு இல்லாமல் போனது. வீரசாமி ரோட்டோரத்தில் நின்று அது வளைவில் திரும்பி மறையும்வரை பார்த்தான். பிறகு கடைக்கு வந்து, முதல் தடவையாக, உப்பு கேட்காமல் சோறு கேட்டான். பெரிய துவான் விட்டுப்போன அரை மூட்டை அரிசியிலிருந்து பிச்சையம்மாள் வடித்துப் போட்டாள். மீனும் வைத்தாள்.

பொழுது சாயும் நேரம். மண்ணெண்ணெய் இல்லாமல் பல மாதமாக இருண்டுகிடந்த தெருவில், அடி வாளி எண்ணெயைச் சிரட்டைகளில் ஊற்றித் திரி போட்டு வீட்டுக்கு வீடு ஏற்றினார்கள். லேசான மீன் வாசனையோடு ரோடு முழுக்க வெளிச்சம். வெள்ளிக்கிழமை ஆனதால் அடி வாளிக்கு மஞ்சள் பூசிக் குங்குமமும் இட்டிருந்தாள் பிச்சையம்மாள். கடையில் எல்லோருக்கும் இலை போட்டாள்.

"நீ ஒக்காருடா அய்யாவு. இன்னிக்கு ஒனக்குத்தான் முதல் எலை."

"பசிக்கலேக்கா."

"வேலை ஆரம்பிச்சதுலேர்ந்து இதையேதான் சொல்றே. இந்த அடுப்புச் சோத்துலே ஒரு வாய் தொட்டியா நீ?"

"வெரதம்க்கா."

"நீயா?"

பரஞ்சோதி இலையை முழுக்க வழித்துத் தின்றுவிட்டு எழுந்தார். அடி வாளியின் முன்னால் போய்க் கைகூப்பினார். மஞ்சளுக்கு நடுவில் தெரிந்த எண்ணைத் தடவிப் பார்த்தார்.

"பதினேழு. பாத்தியா குழந்தைவேலு? இந்த நம்பரைப் போட்டது சாட்சாத் இந்தக் கைதான். எனக்கு ஞாபகம் இருக்கு. எனக்கும் இந்த வாளிக்கும் என்னமோ ஒரு ஒட்டுதல்."

"இருக்கும் கிராணியாரே" என்றான் அய்யாவு.

பரஞ்சோதி தக்கையை நெகிழ்த்தி, இரண்டு சொட்டு எண்ணெயை விரலில் ஏந்தி, முதலில் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சண்டை தொடங்கியதிலிருந்து எண்ணெய் காணாமல் தொங்கிக்கிடந்த தம் மீசையில் பிறகு தடவி, இருபுறமும் முறுக்கிவிட்டார். அது நின்றது.

அந்த வாளிகள் தோட்டத்துப் பால் வாளிகள் அல்ல. டவுன் போர்டு கொட்டகையில் கிடந்த கக்கூஸ் வாளிகள். எந்த வீட்டுக்கு எந்த வாளி என்று தெரிவதற்காக, அவற்றில் வீட்டு எண் போட்டிருந்தார்கள்.